சீனக்குடாவில் முதல் பௌசர் ஓடுமுன்: எரிபொருள் ஏற்றிய ஒருவனின் திறந்த மடல்

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையினருக்கும், திருகோணமலைக்கு அருகே சீனக்குடா விமான நிலையத்தைப் பெரிய பயணிகள் விமானங்களுக்கு ஏற்றபடி வளர்க்கத் திட்டமிடும் எல்லோருக்கும்,

வணக்கம்.

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் 24 ஆண்டுகள் விமானங்களுக்கு எரிபொருள் ஏற்றியவன் நான். சாதாரண உதவியாளாகச் சேர்ந்து சுப்பவைசராக வந்து ஓய்வுபெற்றேன்.

சீனக்குடாவில் பெரிய விமானங்கள் இறங்கும் என்ற பேச்சு எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக அடிபடுகிறது. நடந்தால் எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இன்றைக்கும் வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்ப, குடும்பமே இரவு பஸ்ஸில் ஏறி ஹபரணை தாண்டிக் கட்டுநாயக்கா வரை போய் வருகிறது. சந்தியில் நிற்கும் சிறுவர்கள் விமானப்படைக் கழகத்தின் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்காவது அந்த வேலித்தடுப்புக்கு உள்ளே நல்ல வேலை கிடைக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன்.

ஓடுபாதையை நீட்டுவது, கட்டடம் எழுப்புவது பற்றியெல்லாம் பேச உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது விமானம் தரையில் நிற்கும் அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி. அந்த நேரத்தில் குழாயைப் பூட்டுகிறவன், மானியைப் பார்க்கிறவன், எரிபொருள் சீட்டில் கையெழுத்து வைக்கிறவன் ஆகியோர் செய்யும் பிழையைப் பற்றி. அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன்.

விமானத்தின் எரிபொருளில் பெரும்பங்கு இறக்கைகளுக்குள்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இடது இறக்கையில் ஒரு தாங்கி, வலது இறக்கையில் ஒரு தாங்கி, பல விமானங்களில் நடுவயிற்றிலும் ஒன்று. இரண்டு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே பாரமாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம் மட்டும் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வண்டி ஓடும், ஆனால் கை முழுநேரமும் மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வளைவில் நெஞ்சு திக்கென்னும். இப்போது பரவலாகப் பறக்கும் போயிங் 737 விமானங்களில் இரு இறக்கைத் தாங்கிகளுக்கும் இடையே 453 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது வரையறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானி கேட்பது கிலோ. எரிபொருள் கொண்டுவரும் பௌசர் வண்டியின் மானி காட்டுவது லீற்றர். ஜெட் எரிபொருள் ஒரு லீற்றர் ஏறக்குறைய 0.8 கிலோ, வெயில் ஏற ஏற இன்னும் குறையும். இந்த ஒரு பெருக்கல் கணக்கில்தான் 1983 ஜூலை 23ஆம் திகதி கனடாவில் ஒரு போயிங் 767 மாட்டிக்கொண்டது. கிலோவுக்கான எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்கான எண்ணைப் போட்டுக் கணக்கிட்டார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றப்பட்டது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படை ஓடுபாதையொன்றில் மிதந்துவந்து இறக்கினார்கள். அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த கதை அது. கேட்டுச் சிரித்த இளைஞர்களில் நானும் ஒருவன்.

என் கதை 2003இல், ஓர் ஓகஸ்ட் மாத இரவில் நடந்தது. நள்ளிரவு கடந்தும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. விமானம் ஒன்றரை மணிநேரம் பிந்தி வந்திருந்தது. அதன் வலது தாங்கியின் மானி பழுது. மானியொன்று பழுதாக இருந்தாலும், வேறு வழியில் அளவைச் சரிபார்த்துவிட்டுப் பறக்க விதி இடம் கொடுக்கும். அந்த வேறு வழி, இறக்கைக்கு அடியிலிருந்து கீழே இழுத்துப் பார்க்கும் அளவுக்குச்சி. ஓர் இறக்கையில் இப்படிப் பல குச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை. குச்சி காட்டும் எண்ணை அதற்குரிய அட்டவணையில் பார்த்துத்தான் கிலோவாக்க வேண்டும்.

இரண்டு தாங்கியிலும் 1,200 கிலோ வீதம் மிச்சம் இருந்தது. இரண்டையும் 3,200 ஆக்க வேண்டும். ஆக ஏற்ற வேண்டியது 4,000 கிலோ. அன்றைய அடர்த்தி 0.78. அப்படியானால் பௌசர் மானியில் 5,130 லீற்றர் அளவில் ஓடியிருக்க வேண்டும்.

நான் பக்கத்துக் குச்சியின் அட்டவணையைப் பார்த்தேன். வலது இறக்கையில் இன்னும் குறைகிறது என்று நினைத்து மேலும் ஏற்றினேன். எனக்கு உதவியாக ரோச் பிடித்துக்கொண்டு நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். குழாயைக் கழற்றும்போது அவர் சொன்னார்: “அண்ணே, மீட்டர் கனக்க ஓடியிருக்கு போல கிடக்கு. ஒருக்கா கணக்குப் பாப்பமா?”

“பிந்திப் போச்சு தம்பி, கையெழுத்தைப் போடு” என்றேன்.

சீட்டில் 6,080 லீற்றர் என்று என் கையாலேயே எழுதினேன். இருக்க வேண்டியதைவிட 950 லீற்றர் கூட. உண்மை அந்தக் காகிதத்திலேயே, என் கையெழுத்திலேயே கிடந்தது. லீற்றரைக் கிலோவாக்கி, இருந்ததோடு கூட்டி, இடது மானி காட்டுவதைக் கழித்திருந்தால் வலது இறக்கையில் 740 கிலோ அதிகம் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நானும் அதைச் செய்யவில்லை. எனக்கு மேலே கையெழுத்து வைத்தவரும் செய்யவில்லை. சீட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, அவ்வளவுதான்.

மேலெழும்பிய கொஞ்ச நேரத்திலேயே விமானம் வலப்பக்கம் சாய்கிறது என்று விமானிகள் உணர்ந்திருக்கிறார்கள். வலது மானிதான் பழுதாயிற்றே, எது உண்மை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தாங்கி கசிகிறதா, இறக்கையில் ஏதாவது கோளாறா என்று யோசித்துப் பத்திரமாகத் திரும்பி வந்து இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படிக்கட்டால் இறங்கிய பயணிகளில், நித்திரைக் கண்ணோடு தாயின் தோளில் கிடந்த ஒரு குழந்தையைப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

விசாரணை மூன்று நாளில் முடிந்தது. கிண்ணியாத் தம்பியின் ஒப்பந்தத்தை முறித்து ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய கையெழுத்தும் சீட்டில் இருந்தது, அவர் புதியவர், அவருக்காகப் பேச ஆளில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர் என்னை முன்கூட்டியே எச்சரித்ததை விசாரணையில் நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று பல காலம் எனக்கே நான் சமாதானம் சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. பயந்துவிட்டேன். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், சீட்டுக்காசு, கட்டி முடியாத வீடு.

அதற்குப் பிறகு எங்கள் வேலைப் பகுதியில் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். யாரும் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் படிக்கட்டு வண்டி விமானக் கதவின் விளிம்பில் இடித்தது. ஓட்டியவர் சத்தம் போடாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டுப் போனார். பறக்குமுன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வந்த விமானியின் கண்ணில் அது பட்டதால் தப்பினோம். ஓட்டியவரைக் கேட்டபோது அவர் சொன்னது: “கிண்ணியாப் பொடியனுக்கு நடந்ததைப் பார்த்தனான்தானே.”

தரையில் பிழையே நடக்காத விமான நிலையம் உலகில் எங்கும் கிடையாது. பிழை விமானத்தில் ஏறிப் போகுமுன் யாராவது அதைச் சொல்கிறார்களா, சொன்னால் யாராவது கேட்கிறார்களா என்பதுதான் ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம்.

2001 ஓகஸ்ட் 24இல் எயார் ட்ரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானம் ரொறன்ரோவிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அதன் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது பழைய மாதிரிக் குழாயும் புதிய மாதிரிக் குழாயும் கலந்து பூட்டப்பட்டன. ஹைட்ரோலிக் குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இருக்கவில்லை. பொருத்திய தொழில்நுட்பவியலாளருக்கே இது சரியாகப் பொருந்தவில்லை என்ற ஐயம் வந்தது. அதற்குரிய அறிவித்தலைக் கணினியில் தேடினார், இணைப்புக் கிடைக்கவில்லை. நேரமும் நெருக்கியது. வேலையை முடித்தார்கள். குழாயோடு குழாய் உரசி, அத்திலாந்திக்கின் நடுவே எரிபொருள் குழாய் வெடித்துக் கசிந்தது. விமானிகளுக்கு முன்னால் வந்த அறிவிப்பு, இரு பக்க எரிபொருளும் சமனில்லை என்பது. சமப்படுத்துவதற்காக அவர்கள் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்கு வால்வைத் திறந்தார்கள். நல்ல இறக்கையில் இருந்த எரிபொருளும் கசிகிற பக்கமே ஓடிப் போனது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. ஏறக்குறைய 19 நிமிடம் எஞ்சின் இல்லாமல் மிதந்து அசோரஸ் தீவுகளிலுள்ள லாஜெஸ் தளத்தில் இறங்கினார்கள். 306 பேரும் உயிர் தப்பினார்கள்.

அந்தத் தொழில்நுட்பவியலாளரைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கிண்ணியாத் தம்பியின் முகம்தான் வந்தது. ஐயம் சரியான ஆளுக்குத்தான் வந்தது, சரியான நேரத்தில்தான் வந்தது. நிற்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

2005 ஓகஸ்ட் 6ஆம் திகதி இத்தாலியின் பாரியிலிருந்து புறப்பட்ட டுனின்டர் விமானம் அப்படித் தப்பவில்லை. அது ஏடிஆர் 72. முதல்நாள் அதன் எரிபொருள் மானியைக் கழற்றி, ஏடிஆர் 42 என்ற வேறு வகை விமானத்துக்குரிய மானியைப் பூட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே துவாரத்தில் பொருந்தும். மானி எரிபொருள் இருப்பதாகக் காட்டியது, தாங்கி வற்றிப்போயிருந்தது. பலெர்மோவுக்கு அருகே கடலில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். 2009இல் இத்தாலிய நீதிமன்றம் விமானி உட்படப் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இறந்தவர்களின் உறவினர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அடுத்த தொழிலாளி, தான் பூட்டிய மானி பிழையோ என்று நடுச்சாமத்தில் ஐயம் கொண்டால், அந்தத் தீர்ப்பை நினைத்து வாயைத் திறப்பாரா, மூடுவாரா?

விதிகள் இருக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது, ஆள்மேல் பழி போடுவதன்று என்று சர்வதேச சிவில் விமான அமைப்பின் 13ஆவது இணைப்பு தெளிவாகவே சொல்கிறது. அந்த வசனம் உங்கள் அலுவலகத்து அலுமாரி வரை வந்திருக்கிறது. பௌசரின் அருகே நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளியிடம் அது வந்து சேர்வதே இல்லை. 24 ஆண்டுகளில் எனக்கு ஒருவரும் அதைச் சொல்லித்தரவில்லை. ஓய்வுபெற்ற பிறகு நானாகத் தேடி வாசித்தேன்.

ஆகவே சீனக்குடாவுக்கு நான் கேட்பது இது. எரிபொருள் சீட்டு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதிலேயே கணக்குக்கும் இடம் இருக்கட்டும்: ஏறுமுன் எவ்வளவு, ஏற்றியது எத்தனை லீற்றர், அது எத்தனை கிலோ, இப்போது ஒவ்வோர் இறக்கையிலும் எவ்வளவு. ஏற்றியவர் ஒரு தரமும், வேறொருவர் தனியாக இன்னொரு தரமும் போட வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்து எழுதக்கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால் விமானம் நகரக்கூடாது. எத்தனை மணிநேரம் பிந்தினாலும் சரி.

இது எனக்கு வளைகுடா கற்றுத்தந்த பாடமன்று. என் அப்பா சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிவைத்த குதங்களில் ஒன்றின்மேல், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்ததன் உருகிய இரும்பைச் சின்ன வயதில் எனக்குக் காட்டியவர். குதத்தின் உச்சியில் ஏறி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவு நாடாவை உள்ளே இறக்குவார். அந்தக் குண்டில் ஒருவகைப் பசை பூசியிருப்பார்கள், அடியில் தண்ணீர் நின்றால் பசையின் நிறம் மாறும். இறக்கி எடுத்த அளவை எழுதிவிட்டு, நாடாவைத் துடைத்துவிட்டு, திரும்பவும் இறக்குவார். “ரெண்டு தரமும் ஒண்டா வந்தாத்தான் அது அளவு. இல்லாட்டி அது உன்ர நினைப்பு” என்பார். அவ்வளவு பெரிய குதத்தை இரண்டு தரம் அளந்த மனிதனின் மகன், ஓர் இறக்கையை இரண்டு தரம் அளக்காமல் விட்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. சீனக்குடா கடலோரம். புதிதாக எரிபொருள் குழாய் புதைப்பதானால் இந்தோனேசியாவின் சுராபயாவை மறந்துவிடாதீர்கள். 2010இல் அந்த விமான நிலையத்தில் நிலத்தடி எரிபொருள் குழாயை நீட்டும் வேலை நடந்தபோது உப்புநீர் உள்ளே புகுந்தது. சரியாகக் கழுவிச் சோதிக்காமல் குழாயைப் பாவனைக்கு விட்டார்கள். வடிகட்டியில் இருந்த நீருறிஞ்சும் பொருள் வெளியே வந்து, நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு போனது. ஏப்ரல் 13ஆம் திகதி அங்கிருந்து ஹொங்கொங்குக்குப் போன கதே பசிபிக் ஏ330 விமானத்தில் இரண்டு எஞ்சின்களும் சொற்கேட்காமல் போயின. வேகத்தைக் குறைக்கவே முடியாமல் இறக்கினார்கள். சறுக்குப்பாதையால் தப்பி இறங்கும்போது 57 பேர் காயமடைந்தார்கள். குழாய் புதைப்பவரும் சேவையைத் தொடங்க அவசரப்படுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. சோதித்து ஒப்பமிடுகிறவர் மூன்றாம் ஆளாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திக் கேட்பது, தன் பிழையைத் தானே வந்து சொல்கிற தொழிலாளிக்கு எழுத்தில் பாதுகாப்பு. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும், வேண்டுமென்றே செய்தவனையும், தெரிந்தே மறைத்தவனையும் நான் காப்பாற்றச் சொல்லவில்லை. வெயிலிலும் நித்திரையிலும் அவசரத்திலும் தவறிவிட்டு, “நான்தான், விமானத்தை நிறுத்துங்கள்” என்று ஓடிவருகிறவனைச் சொல்கிறேன். அவனுடைய வேலை போகாது என்று தொழிலாளியோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே, அவனுடைய மொழியிலேயே எழுதுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தைத் தாண்டி நேரே உங்களிடம் முறையிட ஒரு வழி வையுங்கள். எட்டு மாதம் வேலை செய்த உதவியாளும் விமானத்தை நிறுத்தலாம் என்று முதல்நாளே சொல்லிக்கொடுங்கள். அப்படி நிறுத்தி, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அவனை ஏசாமல் நன்றி சொல்லுங்கள். அதை மற்றவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

சின்னச் சம்பவங்களின் அறிக்கைகளும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். பயணிகளுக்கும் தெரியட்டும், அடுத்த முறை குச்சியைக் கையில் பிடிக்கிறவனுக்கும் தெரியட்டும்.

கிண்ணியாப் பாலம் திறந்த அடுத்த வருடம் விடுமுறையில் வந்தபோது அவரைத் தேடிப் போனேன். முன்பென்றால் துறையில் பாதைப் படகுக்காகக் காத்துநின்றே அரைநாள் போய்விடும்; அன்றைக்குப் பத்து நிமிடத்தில் அக்கரை. அதற்கு முந்திய வருடங்களில் அவரைப் பார்க்கப் போகாததற்குப் பாலம் இல்லாததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. விசாரணையில் நான் வாய் திறக்காததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “மீட்டர் கனக்கத்தானே ஓடியிருந்தது அண்ணே?”

“ஓம் தம்பி. 950 லீற்றர்” என்றேன்.

ஏழு வருடமாக அவருக்கு அந்த எண்ணை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பயிற்சி வகுப்பு எப்போது தொடங்கினாலும் கிழமையில் இரண்டு நாள் நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம். உவர்மலையிலிருந்து சீனக்குடாவுக்கு பஸ் இருக்கிறது. ஆனால் அளவுக்குச்சியைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் மட்டும்தான் நான் சொல்லித்தர முடியும். பிந்திப்போன விமானத்தின் முன்னால் நின்று “ஒருக்கா கணக்குப் பாப்பமா” என்று கேட்கத் தெரிந்தவர் கிண்ணியாவில் இருக்கிறார். முதல் வகுப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எரிபொருள் சுப்பவைசர்,
உவர்மலை, திருகோணமலை.